போன் பேசும், பக்கத்தில் வந்து உட்காருமா?

கலவரம், கள்ளச்சாராயம் என்று இரண்டு பெரிய அடிகளை வாங்கிய மாவட்டம் கள்ளக்குறிச்சி. அதன் மேற்கு எல்லையில், டவருக்காக இன்னும் மேடு தேடி நடக்கும் ஊர்களைக் கொண்ட கல்வராயன்மலை. இங்கே செயற்கை நுண்ணறிவு மனிதர்களைச் சேர்க்குமா, பிரிக்குமா?

2024 ஜூன் 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விடிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டும், கண் தெரியவில்லை என்று அலறிக்கொண்டும் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்கள். அங்கிருந்து சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று அனுப்பப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய், அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், அவர்கள் பேரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை என்று அரசு அறிவித்தது.

பணத்துக்கு அரசாணை போடலாம். நள்ளிரவில் திடுக்கிட்டு எழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே, அதற்கு எந்த அரசாணை போடுவது?

அந்த ஜூன் மாதம் முடிவதற்குள், சம்பந்தமே இல்லாத இன்னொன்றும் நடந்தது. மெட்டா நிறுவனம் தன் ஏ.ஐ. உதவியாளரை இந்தியாவில் வாட்ஸ்அப்புக்குள் கொண்டுவந்தது. யாரும் கேட்கவில்லை, ஒருநாள் பார்த்தால் திரையில் ஒரு நீல வளையம் இருந்தது. அடுத்த ஆண்டு ரீசார்ஜோடு சேர்ந்தே வந்தது ஏ.ஐ. ஏர்டெல் எடுத்தால் பெர்பிளெக்சிட்டி, ஜியோவில் வரம்பற்ற 5ஜி போட்டால் ஜெமினி 18 மாதம் இலவசம். சாட்ஜிபிடியும் தன் பங்குக்கு ‘கோ’ திட்டத்தை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. எப்போது கூப்பிட்டாலும் அலுத்துக்கொள்ளாத, எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காத ஒன்று இப்படித்தான் சின்னசேலத்து மளிகைக்கடைப் பையனின் சட்டைப் பையிலும் சங்கராபுரத்து மகளிர் குழுத் தலைவியின் கைப்பையிலும் வந்து உட்கார்ந்தது.

அதை வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. எதற்கு வைத்துக்கொள்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதுதான் இனி பேச்சு. அதற்கு ஒரே ஒரு உரைகல் போதும்: பேசி முடித்த பிறகு அது உங்களை இன்னொரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, அல்லது தன்னிடமே வைத்துக்கொள்கிறதா?

கூட்டம் சேர்த்த கருவி

கள்ளக்குறிச்சிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2022 ஜூலை 13-ஆம் தேதி கனியாமூர் தனியார் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்துகிடந்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 17 அன்று, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பள்ளியைச் சூறையாடினார்கள். பேருந்துகள் எரிந்தன. மாணவர்களின் சான்றிதழ்களும் எரிந்தன. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான் ஆட்கள் திரட்டப்பட்டார்கள் என்றது காவல்துறை. விசாரணை நடக்கும்போதே யூடியூப் சேனல்கள் தனியாக ஒரு விசாரணை நடத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது.

ஏ.ஐ. என்றால் நமக்கு சாட்ஜிபிடி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அடுத்து எந்த வீடியோவைக் காட்டலாம் என்று பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நமக்காக முடிவு செய்துகொண்டிருப்பதும் அதே குடும்பத்துக் கருவிதான். நாம் எதில் எத்தனை நொடி நின்றோம் என்பதுதான் அதற்குக் கணக்கு. கோபம் ஆளை நிறுத்திவைக்கும். ஆறுதல் அப்படி நிறுத்திவைக்காது. அந்த மாணவியின் சாவு வீட்டு வாசலில் நின்று எவரும் வாய்விட்டுக் கேட்கத் துணியாத சந்தேகங்களைக் கமென்ட் பகுதியில் முகம் தெரியாதவர்கள் கொட்டினார்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றுசேர்ந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் நின்றவரின் பெயர்கூடத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கூட்டம் வேறு, உறவு வேறு. இந்த வித்தியாசத்தை எரிந்த பேருந்துகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாவட்டம் இது.

தனிமை பட்டணத்து நோய் இல்லை

‘ஊரில் ஏது தனிமை? பத்து வீடு தள்ளித் தும்மினால் இங்கே கேட்கும்’ என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சமூகப் பிணைப்புக்கான ஆணையம் 2025 ஜூன் 30 அன்று வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். அது ஆண்டுக்கு 8.7 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளோடு தொடர்புடையது. பணக்கார நாடுகளில் 11 சதவீதம் பேர் தனிமையை உணர்கிறார்கள் என்றால், ஏழை நாடுகளில் அது 24 சதவீதம்.

கல்வராயன்மலையைப் பார்த்தால் இந்தக் கணக்கு ஏன் இப்படி என்பது புரியும். வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டு, மணியார்பாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்டவேலைக்கும் கூலிவேலைக்கும் போகிறவர்கள் ஏராளம். கணவன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மலை, பிள்ளை உண்டு உறைவிடப் பள்ளி விடுதி. குடும்பம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அறுவடைக்கும் பண்டிகைக்கும்தான். கருணாபுரத்திலோ, சாராயத்தில் போன சாவு என்பதால் வாய்விட்டு அழுவதற்கே கூச்சம். சுற்றிலும் ஆள் இருந்தும் சொல்ல வாய் வராத தனிமை அது.

இந்த இடத்தில்தான் அந்த நீல வளையம் ஆசை காட்டுகிறது. அது வெளியே சொல்லாது, திட்டாது, ‘உன் புருஷன்தானே குடிச்சான்’ என்று கேட்காது.

இந்த ஆசைக்கு அறுபது வயது ஆகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் ‘எலைசா’ என்ற நிரலை எழுதினார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அது எழுதப்படுவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், ஒருநாள் அதோடு தட்டச்சில் பேசிக்கொண்டிருந்தபோது, ‘கொஞ்சம் வெளியே இருங்களேன்’ என்று அவரையே அறையைவிட்டுப் போகச் சொன்னார். வைசன்பாம் ஆடிப்போனார். மிச்ச வாழ்நாளெல்லாம், இயந்திரத்திடம் எதை ஒப்படைக்கக் கூடாது என்று எச்சரிப்பதே அவருடைய வேலையாகிவிட்டது.

இன்றைய கருவி எலைசாவைவிடப் பல மடங்கு கெட்டி. அதனால் பொறுப்பும் பல மடங்கு. சாட்ஜிபிடியை வாரந்தோறும் பயன்படுத்துவோரில் 0.15 சதவீதம் பேரின் உரையாடல்களில் தற்கொலைத் திட்டத்துக்கான வெளிப்படையான அறிகுறிகள் இருப்பதாக ஓபன்ஏஐ நிறுவனமே 2025 அக்டோபரில் சொன்னது. அதன் பயனாளர்கள் அன்று 80 கோடி என்னும்போது, அந்தச் சிறு புள்ளி பத்து லட்சம் பேருக்கு மேல். அதே நிறுவனமும் எம்.ஐ.டி. மீடியா லேபும் சுமார் ஆயிரம் பேரை நான்கு வாரம் கவனித்த ஆய்வில், ஒரு நாளில் அதிக நேரம் சாட்பாட்டோடு பேசியவர்களிடம் தனிமையும் சார்ந்திருத்தலும் கூடுதலாகவே காணப்பட்டன. நிறையப் பேசியதால் தனிமை வந்ததா, தனிமையால் நிறையப் பேசினார்களா என்பதை அதைவைத்து அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால், மணிக்கணக்கில் பேசியதால் தனிமை தீர்ந்துபோனது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில், உரிமம் பெற்ற மனிதர் இல்லாமல் ஏ.ஐ. மட்டும் மனநல சிகிச்சை தருவதற்குச் சட்டம் போட்டே தடை விதித்தது.

தலையாட்டுகிறவர் நண்பரா?

இன்னொரு சிக்கல், இந்தக் கருவியின் பணிவு. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, பயனாளர் எதைச் சொன்னாலும் ‘ஆகா’ என்று புகழத் தொடங்கியது. முகத்துதி அளவு மீறிவிட்டது என்று சில நாளிலேயே அந்த நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அளவு குறைந்ததே தவிர, குணம் முற்றாகப் போய்விடவில்லை. நமக்குப் பிடித்த பதிலைத் தந்தால் நாம் மறுபடியும் வருவோம் என்பதில் அதன் வியாபாரமும் இருக்கிறது.

நண்பன் என்றால் சேர்ந்து சிரிப்பவன் மட்டுமில்லை, தப்புப் பண்ணினால் முந்திக்கொண்டு வந்து இடித்துச் சொல்கிறவன் என்பது வள்ளுவர் வகுத்த கணக்கு. நம் ஊரில் அந்த வேலையை அத்தைகளும் சித்தப்பாக்களும் கேட்காமலே செய்துவந்தார்கள். சில நேரம் அளவு மீறியும் செய்தார்கள். அதனால்தான் பிள்ளைகள் போனுக்குள் ஓடினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாட்பாட்டைக் குறைசொல்லும் பெரியவர்கள், தாங்கள் காதுகொடுத்துக் கேட்கிற விதத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைக்கு வேண்டியது மனு எழுதும் கை

சரி, இந்தக் கருவியால் நல்லது எங்கே நடக்கும்? அதற்கு மலையின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்வராயன்மலை நாட்டு வரைபடத்தில் இருந்தாலும் சாகீர்தார்களின் பிடியில்தான் நெடுங்காலம் இருந்தது. 1976-இல்தான் அரசு இதை முழுமையாகத் தன் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தது. சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாலை, பள்ளி, ரேஷன் கார்டு, சாதிச் சான்று எல்லாமே தாமதமாகத்தான் ஏறிவந்தன. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இந்த மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

ஆக, மலைக்காரருக்கு அன்றாட மன உளைச்சலில் பெரும்பங்கு காகிதத்தால் வருவது. மனு எழுதத் தெரியாது. எழுதிக்கொடுக்க ஒருவருக்குக் காசு. கொடுத்த மனுவுக்கு வந்த பதில் என்ன சொல்கிறது என்று கேட்க இன்னொருவருக்குக் காசு. இதற்காக மலையிறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நஷ்டம். தமிழில் வாயால் சொன்னால் மனுவாக எழுதித் தருவது, அலுவலகத்துத் தமிழைப் பேச்சுத் தமிழில் உடைத்துச் சொல்வது, மருந்துச் சீட்டில் இருப்பதைப் படித்துக் காட்டுவது ஆகிய மூன்றும் இன்றைய ஏ.ஐ.க்குக் கைவந்த வேலைகள். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏஐ4பாரத்’ ஆய்வுக்குழுவும் ஒன்றிய அரசின் ‘பாஷினி’யும் இந்திய மொழிகளின் பேச்சைக் கணினிக்குப் புரியவைப்பதில் பல ஆண்டுகளாக உழைத்துவருகின்றன.

இதைவிட நல்ல காரியம் ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்கும் காட்டுக்கும் உரிமை கோருபவர்கள் ஆதாரம் காட்ட வேண்டும். பட்டா, ரசீது, வரைபடம் இல்லாதவர்கள் என்ன செய்வது? அந்தச் சட்டத்தின் விதிகள் ஒரு வழி விட்டிருக்கின்றன. உரிமை கோருபவர் அல்லாத மூத்தோர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்தால் அதுவும் ஓர் ஆதாரம்.

பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கொல்லையில் யார் உழுதார்கள், எந்தச் சுனையில் யார் தண்ணீர் எடுத்தார்கள், சாகீர் காலத்தில் என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்கட்டும். போன் பதிவு செய்யட்டும். ஏ.ஐ. அதை எழுத்தாக்கட்டும். பிறகு இருவருமாக அதைப் படித்து, ஊர்ப்பெயரையும் வகையறாப் பெயரையும் திருத்தட்டும். இயந்திரம் நிச்சயம் அங்கேதான் தடுக்கி விழும், ஏனென்றால் அது மலையைப் பற்றிப் படித்திருப்பதெல்லாம் மேகம் அருவியும் சாராய ஊறலும்தான். மலையின் சொந்தப் பேச்சு இதுவரை பெரும்பாலும் எழுத்தில் ஏறியதில்லை. கிராம சபைக்கு ஓர் ஆவணம் கிடைக்கும், பேரனுக்குத் தாத்தா கிடைப்பார். நான் சொல்லும் உரைகல்லில் இப்படிப்பட்ட வேலைதான் பொன்.

தேறிய வழிகள்

மனநலத்திலும் இதே பாதை இருக்கிறது. ஓர் ஆய்வின்படி இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 தான். நிபுணர்களை மட்டும் நம்பினால் வெள்ளிமலைக்கு முறை வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

கோவாவில் ‘சங்கத்’ அமைப்பு வேறு வழி கண்டது. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் மிகுகுடிப் பழக்கமுள்ள ஆண்களிடம் சில அமர்வுகள் பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் அபாயக் குடியிலிருந்து மீண்டார்கள்; இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் 36 சதவீதம். ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த முடிவு இது. கள்ளக்குறிச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு இல்லை.

இப்படிப் பேச வருகிறவர்களுக்கு ஏ.ஐ. கைகொடுக்க முடியும். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இணையத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் தன்னார்வலர்கள் 300 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பதிலை ஏ.ஐ. எழுதவில்லை, எழுதுவது மனிதர்தான். ‘இந்த வரியில் அவர் வலியைக் கேட்டதாகத் தெரியவில்லை, இப்படிச் சேர்த்துப் பாருங்கள்’ என்று பக்கத்திலிருந்து ஏ.ஐ. எடுத்துக்கொடுத்தது. பதில்களில் பரிவு கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடியது. ஆறுதல் சொல்லத் தனக்கு வராது என்று நினைத்தவர்களிடம் ஏறக்குறைய 39 சதவீதம். பேசியது மனிதரோடு மனிதர். கருவி திரைமறைவில் நின்றது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சென்னையின் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே திரையில் சென்னை மருத்துவர், பேருந்திலேயே மருந்து. ஆனால் நோயாளியை அந்தப் பேருந்துவரை அழைத்து வந்ததும், பிறகு வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்ததும் உள்ளூர்ப் பணியாளர்கள். தொழில்நுட்பம் தூரத்தைக் குறைத்தது, அக்கறையை மனிதர்கள் கொண்டுபோனார்கள்.

கையில் எடுக்குமுன்: ஆறு விதிகள்

● மனு, விண்ணப்பம், பாடத்தில் சந்தேகம், கடிதம் என்றால் தாராளமாகக் கேளுங்கள். அழுகை வருகிறது என்றால் முதலில் ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். யாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், அந்த முதல் வாக்கியத்தை மட்டும் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

● உயிர்போகிற விஷயத்தில் அதனிடம் கேட்டு நேரத்தைப் போக்காதீர்கள். மெத்தனால் விஷம் குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வையைத் தாக்கத் தொடங்கும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதற்கும் மருத்துவர்தான்.

● ஆதார் எண், பிள்ளைகளின் படம், அடுத்த வீட்டுக்காரரின் கதை ஆகியவற்றை உள்ளே போடாதீர்கள். ஊர்வம்பு ஊரோடு போகும். இது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

● சண்டை வந்தால் ‘யார் மேல் தப்பு’ என்று அதனிடம் கேட்காதீர்கள். ஒருதலை வழக்கைக் கேட்டு உங்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லும். ‘எதிராளியின் இடத்தில் நின்று சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். பிறகு நேரில் போய்ப் பேசுங்கள்.

● வீட்டில் படுக்கும் இடத்துக்கு போன் வேண்டாம். நள்ளிரவுப் பேச்சுதான் பழக்கமாகத் தொற்றும்.

● மனம் கனத்தால் 14416. இது டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 104-லும் மனநல ஆலோசனை உண்டு. பிள்ளைகளுக்கு 1098.

மிச்சமான நேரம் யாருக்கு?

இன்று ஏ.ஐ. திட்டம் இல்லாத துறை இல்லை என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது. மனநலத்துக்கும் ஓர் ஆப், ஒரு சாட்பாட் என்று நாளை கள்ளக்குறிச்சிக்கும் வரும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது. கிராம சுகாதாரச் செவிலியரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலரும் அங்கன்வாடி ஊழியரும் இன்று பதிவேட்டிலும் ஆப்பிலும் விவரம் ஏற்றியே பாதி நாளைத் தொலைக்கிறார்கள். அந்த வேலையை ஏ.ஐ. வாங்கிக்கொண்டால் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகலாம். அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்யப் போகிறோம்?

‘வேலை குறைந்துவிட்டதே, இன்னும் இரண்டு ஊரைச் சேர்த்துப் பாருங்கள்’ என்று உத்தரவு வந்தால், இயந்திரத்தால் லாபம் கருவூலத்துக்கு மட்டும்தான். ‘இன்னும் இரண்டு வீட்டில் அரை மணி நேரம் அதிகமாக உட்காருங்கள்’ என்று வந்தால் லாபம் மக்களுக்கு. இரண்டுக்கும் ஒரே மென்பொருள்தான், மாறுவது உத்தரவு.

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கோவாவைப் போலக் குடி, துக்கம் இரண்டைப் பற்றியும் பேசத் தெரிந்த உள்ளூர் ஆட்களை, குறிப்பாக இழப்பைச் சந்தித்த பெண்களிலிருந்தே, ஊதியம் கொடுத்துப் பயிற்றுவியுங்கள். அவர்கள் கையில் ஏ.ஐ. இருக்கட்டும், அவர்களுக்குப் பதிலாக வேண்டாம். ஆண்டறிக்கையில் எத்தனை பேர் ஆப்பை இறக்கினார்கள் என்ற எண்ணைப் போடாதீர்கள். எத்தனை வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம், எத்தனை பேர் மறுமுறையும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள் என்ற கணக்கைப் போடுங்கள். அந்த எண் கூடினால், ஏ.ஐ.க்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று நாமும் ஒப்புக்கொள்வோம்.